கடல் காட்டக் கூட்டிப்போன மகனுக்கு

அப்பு,

கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அச்சு அழகாக விழுந்திருக்கிறது. பெரியப்பா அழைப்பதாகப் போட்டிருக்கிறாய். உன் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருக்கிறாய். அழைக்கிறவர்கள் வரிசையில் பெண்பிள்ளைகள் பெயரைப் போடும் வழக்கம் நம்மிடம் இல்லாததால் என் பெயர் எங்கும் இல்லை. அதற்கு நான் வருத்தப்படவில்லை. பத்திரிகையோடு நீ மடித்து வைத்திருந்த துண்டுத் தாளுக்குத்தான் வருத்தப்பட்டேன். 'முகூர்த்த நேரத்தில் மட்டும் நீ உள்ளே இரு அம்மா. பெண் வீட்டுப் பெரியவர்கள் அப்படி நினைக்கிறார்கள். தாய்க்குரிய சடங்கையெல்லாம் வடமதுரைப் பெரியம்மா பார்த்துக்கொள்வாள். தவறாக எடுத்துக்கொள்ளாதே. சாப்பாட்டுப் பந்திக்கு வெளியே வந்துவிடலாம்' என்று எழுதியிருக்கிறாய். எழுத்து மட்டும் நன்றாக இருக்கிறது. ஸ்லேட்டில் என் கையைப் பிடித்துப் பழகிய எழுத்தல்லவா?

கல்யாணத்துக்கு நான் வரப்போகிறேனா, வந்தால் எங்கே உட்காரப்போகிறேன் என்பதுதான் உனக்கு இப்போது தெரிய வேண்டும். அதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் போன தை மாதம் நீ என்னைக் கடல் பார்க்கக் கூட்டிப்போன மூன்று நாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கும் முன்னால் நடந்த, உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் எழுதுவது எனக்குப் புதிதில்லை. நான் வேலை பார்க்கும் புகையிலைக் கிட்டங்கியில் என்னோடு நரம்பு கிழிக்கிற பெண்களில் பாதிப் பேருடைய புருஷன்மார் சிலோனிலும் மலேயாவிலும் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அழுதுகொண்டே சொல்வார்கள், நான் எழுதுவேன். அடுத்தவள் கண்ணீருக்கு என் கைக்கு வார்த்தை வரும். என்னுடையதற்குத்தான் வராது. இதை எழுதி நாலு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்து, ஐந்தாம் நாள் எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதும் போகப் போக உனக்குப் புரியும்.

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் குழாயடிதான். குடகனாற்றில் தண்ணீர் வந்த நாளை விரல் விட்டு எண்ணலாம். கன்னிவாடியில் என் பிறந்த வீட்டுக்குப் போனால் மலையைப் பார்க்கலாம், இங்கே கோட்டைப் பாறையைப் பார்க்கலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்தான். கடலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். உனக்கு எட்டு வயதிருக்கும்போது குழாயடியில் நான் ஒரு குடத்துக்குச் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதம்மா, நான் பெரியவனானா உன்னையக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அம்புட்டுத் தண்ணியும் உனக்குத்தான்" என்றாய். அந்த அழுகையிலும் சிரித்துவிட்டேன். கிட்டங்கியில் எல்லாரிடமும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அவர்கள், "உம்மவன் கடலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள கடல் வத்திப் போகும்" என்று கேலி செய்தார்கள். நீ படித்து, மதுரையில் மில் ஆபீசில் கிளார்க்காகி, லீவு போட்டுவிட்டு வந்து, "கெளம்பும்மா, ராமேசுவரம் போறோம். மூணு நாளு. ஒரு வேலையும் கெடையாது, கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றபோது என் கால் தரையில் நிற்கவில்லை. கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்த பதினாறு வருஷத்தில், உனக்கு அம்மை போட்ட நாட்களைத் தவிர, நான் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்ததில்லை.

அதற்கு இருபது நாளைக்கு முன்னால் நெய்க்காரப்பட்டியிலிருந்து பெண்ணின் தகப்பனார் நம் வீட்டுக்கு வந்து போயிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. நல்ல மனிதர். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஏனுங்கம்மா, தம்பிக்கு அப்பா இல்லீங்கன்னு சொன்னாரு. தனியா இருந்து இம்புட்டுத் தூரம் ஆளாக்கியிருக்கீங்க, பெரிய காரியமுங்க" என்றார். சொல்லும்போதே அவர் பார்வை என் நெற்றிக்குப் போய், கழுத்துக்கு இறங்கி, தலையில் இருந்த பூவில் நின்றது. நான் எப்போதும்போல் குங்குமம் வைத்திருந்தேன். 'இல்லை' என்று நீ சொன்னதை ஊரில் இல்லை என்று சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். நீ செத்துப்போனார் என்று சொல்லியிருந்திருக்கிறாய். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். நீ வாசல் வரை அவரோடு போய், திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றினாய். அந்த ஒரு பார்வையில் உன் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தாய். ஓடிப்போனவன் பிள்ளை என்பதைவிடச் செத்தவன் பிள்ளை என்பது உனக்குக் கௌரவமாக இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் உன்னை என்னென்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பொய்யைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். மதுரையில் வண்டி மாறி, ராமநாதபுரம் தாண்டியதும் காற்றே வேறு மாதிரி வீச ஆரம்பித்தது. மண்டபத்தில் வண்டி நின்றபோது, சிலோன் போகிறவர்களைத் தங்க வைத்து ஊசி போட்டு அனுப்பும் முகாமைக் காட்டினாய். சிலோனுக்குப் போனபோது உன் அப்பாவும் அங்கேதான் ஆறு நாள் இருந்தார். அங்கிருந்து போட்ட முதல் கடிதத்தில், 'இங்கே காற்று உப்புக் கரிக்கிறது, சோறு பரவாயில்லை, பையனை அடிக்காதே' என்று எழுதியிருந்தார். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். பயத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ விடுவித்துக்கொள்ளவில்லை. வண்டியில் இருந்தவர்களிடம் எல்லாம், "எங்கம்மா மொதத் தடவ கடலப் பாக்குறாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அப்போது உன் முகம் எட்டு வயதுப் பிள்ளையின் முகமாக இருந்தது.

முதல் நாள் முழுக்கக் கரையிலேயே கிடந்தேன். ராமேசுவரத்துக் கடல் அலையே இல்லாமல் குளம் மாதிரி இருக்கிறது என்று நான் ஏமாந்துபோய்ச் சொன்னதற்கு, சோழி விற்கிற பெண் ஒருத்தி, "இது பொம்பளக் கடல் ஆத்தா, அமைதியாத்தான் இருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் போ, அங்க ஆம்பளக் கடல் கெடந்து கத்தும்" என்றாள். மறுநாள் அங்கேயும் கூட்டிப்போனாய். மணலுக்கு நடுவே ஓடுகிற ரயிலில் போய் இறங்கினோம். ஆண் கடல் கத்தத்தான் செய்தது. முழங்கால் வரை இறங்கியவளை ஒரு அலை கீழே தள்ளி உருட்டியது. நீ ஓடிவந்து தூக்கினாய். புடவையெல்லாம் மணல். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இளநீர் வாங்கிக் கொடுத்தாய். வழுக்கையைச் சீவி நீயே எடுத்து என் வாயில் வைத்தாய். தலைமன்னாருக்குப் போகிற கப்பல் புறப்பட்டது. அது புள்ளியாகிற வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "என்னம்மா யோசிக்கிற?" என்று கேட்டாய். "இம்புட்டுப் பக்கத்துலயா இருக்கு சிலோன்னு பாக்கேன்" என்றேன். எழுந்து போய்க் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டாய். அப்பாவை நினைத்து உனக்கும் மனசு கலங்குகிறது என்று நான் நினைத்தேன், பைத்தியக்காரி.

அந்த இரண்டு நாளைத்தான் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை அப்பு. மூன்றாம் நாளுக்காகக் கோபித்துக்கொள்ளலாம், மறந்துவிடக்கூட முயற்சி செய்யலாம். ஆனால் என் வாயில் வைத்த வழுக்கை அன்புக்கு வைத்ததா, அடுத்த நாளுக்காக வைத்ததா? வெட்டப்போகிற ஆட்டுக்கும் மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார்கள். என் ஆயுசில் நான் சந்தோஷமாக இருந்த இரண்டு நாள் அவைதான். அவற்றை எந்த மனதோடு நினைப்பது என்று தெரியாமல் செய்துவிட்டாய். இதை மன்னிப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் தை அமாவாசை. "தாத்தாவுக்குத் திதி குடுத்துட்டுப் போயிரலாம்மா, வந்தது வந்தோம்" என்றாய். சரி என்று கடலில் முங்கி, ஈரப் புடவையோடு வந்து நின்றேன். கூட்டத்தை விட்டுத் தள்ளி, மணலில் ஓர் ஐயர் எல்லாம் தயாராக வைத்துக் காத்திருந்தார். எள்ளும் பிண்டமும் இருந்தன. அதோடு தர்ப்பைப் புல்லில் ஒரு முழ நீளத்துக்கு ஓர் ஆள் உருவம் கட்டி வாழை இலையில் படுக்க வைத்திருந்தார். தலை, கை, கால் எல்லாம் இருந்தது. தாத்தா செத்து, எரித்து, முப்பது வருஷம் ஆகிறது. அவருக்கு எதற்கு உருவம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஐயர் உன்னிடம், "தகவல் இல்லாம எத்தனை வருஷம்?" என்று கேட்டார். நீ, "பன்னெண்டு முடிஞ்சிருச்சு சாமி" என்றாய். "தேடிப் பார்த்தேளா?" "பாத்தாச்சு சாமி." அப்போதுதான் எனக்கு விளங்கியது. காணாமல் போனவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு இப்படிப் புல்லில் உருவம் செய்து எரித்துக் கருமாதி முடிப்பார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

"யாருக்குலே இது?" என்று கேட்டேன்.

"செத்த நேரம் பேசாம இரும்மா. பெறகு சொல்றேன்."

"யாருக்குன்னு கேக்கேன்ல?"

"அப்பாவுக்கு." மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "எனக்காக இரும்மா. அவங்க வீட்டுல சொல்லிட்டேன். உன் நெத்தியப் பாத்துட்டுப் போயிருக்காரு அந்த மனுசன். நான் என்ன பண்ணட்டும்?"

"அவரு செத்துட்டாருன்னு உனக்கு யாருலே சொன்னா?"

நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். கண் சிவந்திருந்தது. "உசுரோட இருக்காருன்னு உனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டாய்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். நீ உருவத்துக்குத் தீ வைத்தாய். ஈரக் காற்றில் புல் சீக்கிரம் பிடிக்கவில்லை. மூன்றாம் தடவைதான் எரிந்தது. பிண்டத்தைக் கடலில் கரைத்துவிட்டு வந்து, என் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஐயர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிடுங்க வேண்டிய வேலை உனக்கு வைக்கக் கூடாது என்று நானே கழற்றிக் கொடுத்தேன். நெற்றியைக் கடல் தண்ணீரில் நானே துடைத்துக்கொண்டேன். நீ என் காலில் விழுந்து அழுதாய். ஊருக்கு வந்த பிறகு, 'எங்கம்மா எனக்காகத் தாலியையே கழட்டிக் கொடுத்தா' என்று பெரியப்பாவிடமும் உன் சிநேகிதர்களிடமும் சொல்லிச் சொல்லி உருகினாயாம். பெற்ற மனம் பித்து என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள். உனக்காகக் கழற்றியது பாதிதான் அப்பு. மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உனக்கு ஏழு வயதில் உன் அப்பா போனார். நாலு வருஷம் கடிதம் ஒழுங்காக வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நீ வாசலில் போய் நிற்பாய். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். நீ உள்ளே வந்து, "இன்னைக்கும் இல்லம்மா" என்பாய். நான், "மழைக்காலம்யா, கப்பல் ஓடியிருக்காது" என்பேன். கப்பல் எல்லாக் காலத்திலும் ஓடியது. கடைசிக் கடிதம் வந்ததை நீ பார்க்கவில்லை. உனக்குப் பதினொரு வயது, அம்மை போட்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாய். உடம்பில் ஊசி குத்த இடமில்லை. பிதற்றலில் அப்பாவைத்தான் கூப்பிட்டாய், ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. அம்மை போட்ட மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அவருக்கு அங்கே ஒரு பெண் இருப்பதாகவும், இரண்டு பெண் குழந்தைகள் இருப்பதாகவும், தான் செய்தது தப்புத்தான் என்றும் எழுதியிருந்தார். அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேனோ என்னவோ. 'எனக்கு ஆண் பிள்ளை இவன் ஒருவன்தான். தெரிந்த ஆள் ஊருக்கு வருகிறார், அவரோடு பையனை அனுப்பி வை. இங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைக்கிறேன். நீயும் வருகிறதானால் வா' என்று எழுதியிருந்தார். நீயும் வருகிறதானால் வா! நான் அவருக்குப் பெட்டியோடு சேர்ந்து வருகிற பூட்டு மாதிரி.

அன்றைக்கே, நீ பக்கத்தில் படுத்து முனகிக்கொண்டிருக்கும்போதே, உட்கார்ந்து பதில் எழுதினேன். ஒரே வரிதான். 'நீங்கள் கேட்கிற பிள்ளை அம்மையில் போய்விட்டான், இனிமேல் இங்கே உங்களுக்கு யாரும் இல்லை.' எழுதி, ஒட்டி, அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லிவிட்டேன். அவர் கடிதத்தை அடுப்பில் வைத்தேன். உயிரோடு கிடக்கிற பிள்ளையைச் செத்துவிட்டான் என்று எந்தத் தாயாவது எழுதுவாளா? எழுதினேன். சாயங்காலம் கோபம் இறங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. எழுதினது பலித்துவிடுமோ என்று மாரியம்மன் கோவில் வாசலில் போய் மண்ணில் புரண்டேன். நீ பிழைத்தாய். மூக்கு நுனியில் ஒரு தழும்போடு போயிற்று. பிழைத்த பிறகு, 'பொய் எழுதினேன், பிள்ளை நன்றாக இருக்கிறான்' என்று இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதினால் உன்னைக் கேட்பார். கேட்டால் நீ போய்விடுவாய். அப்பாவைத்தானே கூப்பிட்டாய். இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டதில் நீ மீசை முளைத்த ஆளாகிவிட்டாய். அப்பா நம்மை விட்டுவிட்டார் என்று நீ வெறுக்கத் தொடங்கியபோது நான் தடுக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிட்டங்கிப் பெண் ஒருத்தியின் தம்பி சிலோனிலிருந்து வந்தார். உன்னைப் பார்த்தறியாதவர், தன் அக்காளிடம்கூடச் சொல்லாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அண்ணாச்சிய மாத்தளையில பாத்தேன். கடை வச்சிருக்காரு. உடம்பு தளந்துருச்சு. பையன் போன துக்கம் இன்னும் ஆறலக்கா அவருக்கு. வருசா வருசம் அந்த மாசத்துல பத்துப் பதினோரு வயசுப் பயலுகளாக் கூப்பிட்டு ஒக்கார வச்சு சோறு போடுறாரு" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். துக்கம் தாங்காமல் பொத்திக்கொண்டேன் என்று அவர் நினைத்திருப்பார். அவர் போன பிறகு, அன்றைக்குச் சாயங்காலமும் எப்போதும்போல் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். வராத புருஷனுக்கு இம்புட்டுப் பூவா என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவர் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இப்போது புரிகிறதா, அந்த மணலில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று? உயிரோடு இருப்பதாக யார் சொன்னார்கள் என்று நீ கேட்டாய். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். உன் அப்பா உன்னைக் கேட்டார், நான் உன்னைச் செத்தவனாக்கிப் பதில் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். நீ ஐயரிடம் கணக்குச் சொன்ன பன்னிரண்டு வருஷத்தை ஆரம்பித்து வைத்ததே நான்தான். அதைச் சொல்வதைவிடத் தாலியைக் கழற்றுவது எனக்குச் சுலபமாக இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதனுக்கு நீ பிண்டம் கரைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பாவத்தில் உனக்குப் பங்கில்லை. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உன் பேரில் எனக்கு இருக்கிற கோபம் இதனால் குறைந்துவிடவில்லை, அப்படி நினைத்துக்கொள்ளாதே. என்னிடம் வந்து, "அம்மா, இப்படி ஒரு பொய் சொல்லிட்டேன், உன் கழுத்துல இருக்கிறத எனக்காகக் கழட்டுவியா?" என்று நம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். திட்டியிருப்பேன், துடைப்பத்தைக்கூடத் தூக்கியிருப்பேன், அழுதிருப்பேன். ஒருவேளை அப்போதே உண்மையும் வாயில் வந்திருக்கும். நீ கேட்கவில்லை. நான் ஆயுசு முழுக்க ஆசைப்பட்ட ஒன்றைக் காட்டி, நாலு பேர் அறியாத ஊருக்குக் கூட்டிப்போய், ஈரப் புடவையோடு நிற்க வைத்துச் செய்தாய். இப்போது அதன் பலனைப் பார். அப்பா இல்லாத குறையை மறைக்க என்னை முண்டச்சியாக்கினாய். முண்டச்சி முகூர்த்தத்தில் எதிரே வரக் கூடாது என்று என்னை உள்ளே போகச் சொல்கிறாய். கல்யாணம் நடப்பதற்காகக் கழற்றினேன், கழற்றியதால் அந்தக் கல்யாணத்தைப் பார்க்க முடியாது. பெண் வீட்டார் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர்களுக்கு என்ன தெரியும்? நீ சொன்னதை நம்பி அவர்கள் வழக்கத்தைச் சொல்கிறார்கள். ஒரு வார்த்தை, 'எங்கம்மா இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்' என்று நீ சொல்லியிருக்கலாமே! வடமதுரைப் பெரியம்மா உனக்கு அம்மை போட்டபோது தெருமுனை வரை வந்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனவள். அவள் உனக்கு மாலை எடுத்துக் கொடுப்பாள்.

புத்திமதி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்கலாம். யோக்கியதை இல்லாதவள் சொல்வதால்தான் இதைக் கேட்டுக்கொள். கோபத்தில் எழுதின கடிதத்தை அன்றைக்கே தபாலில் போடாதே. நாலு நாள் வீட்டில் கிடக்கட்டும், எங்கும் ஓடிவிடாது. வரப்போகிற பெண்ணைச் சந்தோஷமாக எங்காவது கூட்டிப்போனால், சந்தோஷத்துக்கு மட்டும் கூட்டிப்போ. அதற்குள் இன்னொரு காரியத்தை மறைத்து வைக்காதே. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றச் சாகிறவரை வேலை செய்ய வேண்டும். எனக்குக் கிட்டங்கி வேலையைவிட அந்த வேலைதான் உடம்பை உருக்கியது. நெய்க்காரப்பட்டிக்காரரிடம் உண்மையைச் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. நான் போய்ச் சொல்ல மாட்டேன். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் வாங்குகிற மனிதர், நின்று காது கொடுத்துக் கேட்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாத்தளையில் அவரைப் பார்த்துவிட்டு வந்த தம்பி கொடுத்த, உன் அப்பாவின் கடை விலாசத்தைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நீ உயிரோடு இருப்பதை நீயே உன் கையால் எழுது. என் எழுத்தை அவர் இனி நம்ப மாட்டார், நம்பவும் வேண்டாம். எழுதும்போது என்னைக் காப்பாற்ற ஒன்றும் சேர்க்காதே. அம்மா பொய் சொன்னாள் என்றே எழுது.

இனி நீ கேட்டதற்குப் பதில். கல்யாணத்துக்கு நான் வரவில்லை. குங்குமம் வைத்துக்கொண்டு வந்தால் உன் பொய் எல்லார் முன்னாலும் உடையும், அதை நான் செய்ய மாட்டேன். வெறும் நெற்றியோடு உள்ளே வந்து உட்கார்ந்தால், உயிரோடு இருக்கிற மனிதரை நானும் இரண்டாம் தடவை சாகடித்தவளாவேன். அதையும் செய்ய மாட்டேன். அன்றைக்குக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போவேன். யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள். நீயும் அவளும் நன்றாக இருக்க வேண்டும். இதைக் கசப்பில்லாமல் சொல்ல முயற்சி செய்தேன், முடிந்த அளவு சொல்லியிருக்கிறேன்.

உன்னைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறோம் அப்பு. இரண்டு பேரும் இல்லாமல்தான் நீ தாலி கட்டப்போகிறாய். அவரை வரவிடாமல் செய்தது நான். என்னை வரவிடாமல் செய்தது நீ.

உன்னைப் பெற்றவள்